தர்மபுரி ஃபார்ம் ஸ்டே: பெரிய பண்ணை வீடா, சின்ன தோட்ட வீடா? பர்ஸைப் பார்த்து முடிவு பண்ணுங்க!



வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் ஆனதும் நம்மில் பலருக்கு வரும் ஆசை இது: "அப்பா அம்மாவை எங்கயாவது கூட்டிட்டுப் போகணும். அவங்க செலவு பண்ணி நாம போன காலம் போதும்." நல்ல ஆசை. ஊட்டி, கொடைக்கானல் கூட்டம் வேண்டாம், தோட்டத்துக்கு நடுவுல ரெண்டு நாள் இருக்கலாம் என்று தேட ஆரம்பித்தால் பெங்களூரு, ஓசூர், சேலம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு தர்மபுரி மாவட்டம் கையெட்டும் தூரம். பெங்களூரில் இருந்து தர்மபுரி டவுன் சுமார் 140 கி.மீ., சென்னையில் இருந்து சுமார் 300 கி.மீ. மாந்தோப்பு, புளியந்தோப்பு, கேழ்வரகு வயல், மேற்கே காவிரி, நடுவில் வத்தல்மலை, கிழக்கே தீர்த்தமலை.

அடுத்த கேள்வியில்தான் பணம் விளையாடுகிறது. நீச்சல் குளம், ஐந்து பெட்ரூம், பெரிய புல்வெளி என்று முழுசாக வாடகைக்கு விடும் பெரிய பண்ணை வீடா? விவசாயக் குடும்பம் தங்கள் தோட்டத்திலேயே இரண்டு மூன்று அறை கட்டி விருந்தினரை வைத்துக்கொள்ளும் சின்ன தோட்ட வீடா?

"தலைக்கு எவ்வளவு வருது?" என்று கணக்குப் போட்டுத்தான் பெரும்பாலானவர்கள் முடிவு செய்கிறார்கள். அந்தக் கணக்கு எங்கே ஏமாற்றும் என்பதுதான் இன்றைய பாடம்.

முதலில்: எது சின்னது, எது பெரியது?

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம் ஸ்டே திட்டத்தில் ஒரு வரையறை இருக்கிறது. அதிகபட்சம் 6 அறை, 12 படுக்கை. வீட்டு உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே வசிக்க வேண்டும். நம் கணக்குக்கு இதையே கோடாக வைத்துக்கொள்ளலாம். இந்தக் கோட்டுக்குள் இருந்தால் சின்னது. உரிமையாளர் அங்கே இல்லாமல் ஒரு மேனேஜரோ வாட்ச்மேனோ சாவி கொடுத்து, முழு வீட்டையும் ஒரே வாடகைக்கு விட்டால் அது பெரிய ரகம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இத்தாலியில் 1985-லேயே பண்ணைச் சுற்றுலாவுக்குத் தனிச் சட்டம் போட்டார்கள். அதன் சாரம்: விவசாயம்தான் முதல் தொழில், விருந்தினரைத் தங்க வைப்பது அதற்குத் துணைத் தொழில். நம்ம ஊரில் "ஃபார்ம்" என்று போர்டு வைக்க அப்படி ஒரு கட்டாயம் இல்லை. நான்கு தென்னை மரமும் ஒரு நீச்சல் குளமும் இருந்தாலே ஃபார்ம் ஸ்டேதான். அதனால் புக் பண்ணும் முன் "இப்போ தோட்டத்துல என்ன விளைஞ்சிருக்கு?" என்று ஒரு கேள்வி கேளுங்க. பதில் சட்டென்று வந்தால் அது தோட்டம். தடுமாறினால் அது ரிசார்ட். ரிசார்ட் தப்பில்லை, ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கணும்.

கணக்குக்கு வருவோம்

கீழே உள்ள வாடகை எல்லாம் பாடத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்களுக்குச் சொல்லப்படும் விலையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்க.

குடும்பம்: நீங்கள், உங்கள் துணை, ஒரு குழந்தை, அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவங்க குழந்தை. மொத்தம் 8 பேர், அதில் 6 பெரியவர்கள், 2 குழந்தைகள். இரண்டு இரவு.

பெரிய பண்ணை வீடு: 15 பேர் தங்கலாம், ஓர் இரவுக்கு ரூ.16,000.
- வாடகை, 2 இரவு: ரூ.32,000
- ஜிஎஸ்டி 18%: ரூ.5,760
- சாப்பாடு, பெரியவருக்கு நாளுக்கு ரூ.1,000, குழந்தைக்கு ரூ.500: 2 நாளுக்கு ரூ.14,000
- மொத்தம்: ரூ.51,760. தலைக்கு ரூ.6,470.

சின்ன தோட்ட வீடு: 3 அறை, ஓர் அறைக்கு ரூ.3,000.
- வாடகை, 2 இரவு: ரூ.18,000
- நேரடியாக புக் செய்தால் ஜிஎஸ்டி இல்லை (ஏன் என்று கீழே சொல்கிறேன்)
- வீட்டுச் சாப்பாடு, பெரியவருக்கு ரூ.700, குழந்தைக்கு ரூ.350: 2 நாளுக்கு ரூ.9,800
- மொத்தம்: ரூ.27,800. தலைக்கு ரூ.3,475.

கிட்டத்தட்ட பாதி. இதைப் பார்த்ததும் வீட்டில் யாராவது ஒருத்தர் நிச்சயம் சொல்வார்: "பெரிய வீடே எடுப்போம். அத்தை குடும்பம், சித்தப்பா குடும்பத்தையும் கூப்பிட்டா தலைக்கு குறைஞ்சிடுமே!"

சரி, அதையும் போட்டுப் பார்ப்போம். 15 பேர், அதில் 11 பெரியவர்கள், 4 குழந்தைகள். பெரிய வீட்டின் வாடகையும் வரியும் அதே ரூ.37,760தான். சாப்பாடு ரூ.26,000. மொத்தம் ரூ.63,760, தலைக்கு சுமார் ரூ.4,250. ரூ.6,470-ல் இருந்து ரூ.4,250-க்கு இறங்கிவிட்டது. தங்கும் செலவை மட்டும் பார்த்தால் தலைக்கு சுமார் ரூ.2,517. அதே 15 பேருக்கு சின்ன வீடுகளில் 6 அறை எடுத்தால் தலைக்கு ரூ.2,400. வித்தியாசமே இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது.

காரணம் எளிது. பெரிய வீட்டின் வாடகை நிலையான செலவு. எட்டு பேர் வந்தாலும் பதினைந்து பேர் வந்தாலும் அதே தொகை. சின்ன வீட்டில் அறைக்குத் தகுந்த செலவு. ஆள் குறைந்தால் செலவும் குறையும். ஆக, பெரிய வீடு நிரம்பினால் மட்டுமே லாபம். காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு கட்டிலுக்கும் வாடகை கொடுப்பது நீங்கள்தான்.

தலைக் கணக்கு வேண்டாம், பர்ஸ் கணக்கு போடுங்க

இதுவரை வந்த கணக்கு சரி. ஆனால் நம் வீடுகளில் நடப்பது வேறு. தலைக்கு ரூ.4,250 என்று சொல்கிறோமே, அந்தப் பணத்தை பதினைந்து தலையும் கொடுக்குமா? அப்பா அம்மாவிடம் கேட்க மாட்டோம். அத்தையிடம் "உங்க பங்கு இவ்வளவு" என்று ஜிபே ரெக்வெஸ்ட் அனுப்ப முடியுமா? குழந்தைகளுக்கு ஏது பர்ஸ்? கடைசியில் சம்பளம் வாங்கும் ஒருத்தரோ இரண்டு பேரோதான் பில் கட்டுவார்கள்.

அதனால் மொத்தச் செலவை எத்தனை பேர் வருகிறார்கள் என்பதால் வகுக்காதீங்க. எத்தனை பர்ஸ் திறக்கும் என்பதால் வகுங்க.

- பெரிய வீடு, 8 பேர், நீங்கள் மட்டும் கட்டினால்: ரூ.51,760
- பெரிய வீடு, 15 பேர், நீங்கள் மட்டும் கட்டினால்: ரூ.63,760
- பெரிய வீடு, 15 பேர், 3 பேர் பகிர்ந்தால்: ஒரு பர்ஸுக்கு சுமார் ரூ.21,253
- சின்ன வீடு, 8 பேர், நீங்களும் அண்ணனும் பகிர்ந்தால்: ஒரு பர்ஸுக்கு ரூ.13,900

இரண்டாவது வரியைக் கவனிங்க. "தலைக்கு குறையுது" என்று ஆள் சேர்த்ததில் தலைக் கணக்கு குறைந்தது, உங்கள் பர்ஸில் ரூ.12,000 கூடியது. மாதம் ரூ.40,000 கையில் வாங்கும் ஒருத்தருக்கு இது ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு மேல். இதுவரை பெட்ரோலோ, பரிசலோ, போற வழிச் சாப்பாடோ சேர்க்கவே இல்லை.

பகிர்ந்துகொள்வது என்று முடிவானால் அதைப் புக் பண்ணும் முன் பேசுங்க. "அண்ணா, தங்கறது நான் பார்த்துக்கறேன், வண்டியும் சாப்பாடும் நீ பாரு" என்று தலைப்பு பிரித்துக்கொள்வது நம் வீடுகளுக்கு எளிது. திரும்பி வந்த பிறகு பில்லை நீட்டினால் வாங்கி வந்த சந்தோஷமே போய்விடும்.

ஜிஎஸ்டி எப்படி இந்த முடிவை மாற்றும்?

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டின் வாடகை ரூ.7,500 வரை இருந்தால் ஜிஎஸ்டி 5%. அதற்கு மேல் போனால் 18%. இதற்கு முன் ரூ.7,500 வரை 12% இருந்தது.

இங்கே "யூனிட்" என்பது முக்கியமான வார்த்தை. முழுப் பண்ணை வீட்டையும் ஒரே யூனிட்டாக ரூ.16,000-க்கு விற்றால் அது 18% ரகம். தனித்தனி காட்டேஜ், ஒவ்வொன்றும் ரூ.5,000 என்று விற்கும் இடத்தில் மூன்று எடுத்தால் ஓர் இரவுக்கு ரூ.15,000 ஆனாலும் வரி 5%தான். முதலாவதில் ஓர் இரவுக்கு ரூ.2,880 வரி, இரண்டாவதில் ரூ.750. அதனால் விலை கேட்கும்போது "முழு வீடா, ரூம் கணக்கா? ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று இரண்டையும் கேளுங்க.

சின்ன இடத்துக்கு ஏன் வரி இல்லை? சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் ரூ.20 லட்சத்தைத் தாண்டாதவர் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் உங்களிடம் ஜிஎஸ்டி வாங்கவும் கூடாது. ஆனால் அதே இடத்தை ஒரு புக்கிங் ஆப் வழியாக எடுத்தால், வரி கட்டும் பொறுப்பு அந்த ஆப் நிறுவனத்துக்கு வந்துவிடும், அது உங்கள் பில்லில் ஏறும். நம் உதாரணத்தில் ரூ.18,000-க்கு 5%, அதாவது ரூ.900.

அப்போ ஆப் வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. ரிவ்யூ பார்க்கலாம், கேன்சல் செய்தால் பணம் திரும்பும் விதி எழுத்தில் இருக்கும். முன்பின் தெரியாத இடத்துக்கு ரூ.900 ஒரு இன்ஷூரன்ஸ் மாதிரி. தெரிந்தவர் போய் வந்த இடம் என்றால் நேரடியாகப் பேசலாம். பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தால் 15 எழுத்து கொண்ட ஜிஎஸ்டி பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அதை ஜிஎஸ்டி போர்ட்டலில் இலவசமாகச் சரிபார்க்கலாம்.

தர்மபுரிக்கே உரிய நாலு விஷயம்

1. எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு பண்ணுங்க. ஒகேனக்கல் தர்மபுரி டவுனில் இருந்து மேற்கே 46 கி.மீ., பென்னாகரம் வழி. தீர்த்தமலை கிழக்கே, அரூரைத் தாண்டி. இந்த இரண்டுக்கும் இடையில் சுமார் 100 கி.மீ. இருக்கும். அரூர் பக்கம் மலிவாக ஒரு தோட்ட வீடு கிடைத்தது என்று எடுத்துவிட்டு ஒகேனக்கல் போய் வந்தால் 200 கி.மீ. ஓடணும். பெட்ரோலுக்கு மட்டும் ஆயிரத்துக்கு மேல், அப்பா அம்மாவுக்கு ஒரு முழு நாள் வண்டியிலேயே போய்விடும். பார்க்கப் போகும் இடத்துக்குப் பக்கத்தில் தங்குவதும் சேமிப்புதான்.

2. ஒகேனக்கல் தண்ணீர் நம் கையில் இல்லை. கர்நாடக அணைகளில் திறக்கும் நீரும் அங்கே பெய்யும் மழையும்தான் தீர்மானிக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போடும். 2024 ஜூலை இறுதியில் நீர்வரத்து விநாடிக்கு 1 லட்சம் கன அடியைத் தாண்டியது. ஆடிப்பெருக்குக் கூட்டம் கூடும் நேரமும் அதுதான். கோடையிலோ தண்ணீர் குறைந்துவிடும். "பரிசல் ஓடலன்னா தேதி மாத்த முடியுமா?" என்பதைப் பணம் கட்டும் முன் கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்க. பொதுவாக சின்ன இடத்துக்காரர்கள் இதில் இறங்கி வருவார்கள். பெரிய வீடுகளில் வார இறுதித் தேதியை மாற்றுவது கஷ்டம்.

3. குடிக்கிற தண்ணி எது? தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு பிரச்சினை பல காலமாக உண்டு. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். இரண்டு நாள் குடிப்பதால் ஒன்றும் ஆகிவிடாது, அந்த நோய் வருஷக்கணக்கில் குடிப்பதால் வருவது. ஆனால் காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது என்பது தெரிந்திருக்கட்டும். ஆற்றுக் குடிநீரா, ஆர்ஓவா, கேனா, போர்வெல்லா என்று கேளுங்க. 15 பேருக்குக் கேன் தண்ணி வாங்குவதும் ஒரு செலவுதான்.

4. மாம்பழ சீசனும் வெயிலும் சேர்ந்தே வரும். ஏப்ரல் முதல் ஜூன் வரை தோப்பு நிறைய மாங்காய். பிள்ளைகளுக்கு லீவும் அப்போதான். ஆனால் வெயில் கடுமை. ஏசி உண்டா, அதற்குத் தனிக் காசா, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஃபேனுக்காவது தாங்குமா என்று கேட்டுவிடுங்க.

போக்குவரத்து: ஆள் கூடினால் வண்டியும் கூடும்

நாலு பேர் என்றால் ஒரு கார் போதும். எட்டு பேர் என்றால் இரண்டு கார் அல்லது ஒரு பெரிய வண்டி. பதினைந்து பேர் என்றால் வேன்தான். கி.மீ. வாடகை, டோல், டிரைவர் பேட்டா, டிரைவர் படுக்க இடம் எல்லாம் சேரும். பெரிய வீட்டுக் கணக்கில் இதைச் சேர்க்காமல் விட்டால் கணக்கு முடியவில்லை என்று அர்த்தம். தர்மபுரியில் இருந்து சேலம் பக்கம் இறங்குபவர்கள் தொப்பூர் கணவாயைப் பகலில் கடப்பது நல்லது. விபத்துக்குப் பேர் போன இறக்கம் அது.

சென்னையில் இருந்து ரயிலில் வருபவர்கள் சேலம் தடத்தில் மொரப்பூரில் இறங்கலாம். பெங்களூரில் இருந்து வருபவர்களுக்கு ஓசூர் வழித் தடத்தில் தர்மபுரி ஸ்டேஷனே இருக்கிறது. பழைய வரி முறையில் இருந்து, உங்கள் சம்பளத்தில் எல்டிஏ இருந்தால், டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்க. நான்கு காலண்டர் ஆண்டு கொண்ட ஒரு பிளாக்கில் இரண்டு பயணத்துக்கு வரி விலக்கு உண்டு. இப்போதைய பிளாக் 2026–2029. விலக்கு பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான், தங்கும் வாடகைக்கோ சாப்பாட்டுக்கோ இல்லை. புதிய வரி முறையில் இந்தச் சலுகை கிடையாது.

அட்வான்ஸ் போடும் முன் கேட்க வேண்டியவை

- எத்தனை பாத்ரூம்? அதில் வெஸ்டர்ன் டாய்லெட் எத்தனை? முட்டி வலி உள்ளவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி.
- கீழ்த்தளத்தில் அறை உண்டா? எத்தனை படி ஏறணும்?
- சாப்பாடு யார் சமைக்கிறார்கள்? வெளியில் இருந்து கொண்டு வந்து சமைக்கலாமா? கேஸுக்குத் தனிக் காசா?
- கூடுதல் ஆளுக்கு எவ்வளவு? குழந்தைக்கு எந்த வயசு வரை இலவசம்?
- டெபாசிட் எவ்வளவு? எத்தனை நாளில் திரும்ப வரும்? எதற்கெல்லாம் பிடிப்பார்கள்?
- நீச்சல் குளத்துக்குச் சுற்று வேலி உண்டா? ஆழம் எவ்வளவு? கிணறு மூடியிருக்கா?
- பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? ராத்திரியில் வண்டி கிடைக்குமா?

வீடியோ காலில் இடத்தைக் காட்டச் சொல்லுங்க. நிஜமாக இடம் வைத்திருப்பவர் தயங்க மாட்டார். முழுப் பணத்தையும் முன்பே கேட்டால் யோசிங்க. ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

பணம் எங்கிருந்து வரணும்?

சின்ன வீட்டுக் கணக்கில் ரூ.27,800, வண்டிக்கும் வழிச் செலவுக்கும் ரூ.12,200 என்று வைத்தால் ரூ.40,000. பத்து மாதத்துக்கு மாதம் ரூ.4,000 ஆர்டி போட்டால் தீர்ந்தது. ஒரு வருஷத்துக்குள் தேவைப்படும் பணத்தை ஷேர் ஃபண்ட் எஸ்ஐபியில் போடாதீங்க. டிக்கெட் போடும் வாரத்தில் மார்க்கெட் இறங்கினால் பயணமும் இறங்கிவிடும். எமர்ஜென்சி ஃபண்டைத் தொடவே தொடாதீங்க, சுற்றுலா எமர்ஜென்சி இல்லை.

மாறாக ரூ.50,000-ஐ கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு மினிமம் மட்டும் கட்டினால்? மாதம் 3.5% வட்டி என்று வைத்தாலும் முதல் மாதமே சுமார் ரூ.1,750, அதன் மேல் 18% ஜிஎஸ்டி ரூ.315. மொத்தம் ரூ.2,065. அதோடு, பாக்கி இருக்கும்வரை நீங்கள் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. இரண்டு நாள் தோட்டத்தில் இருந்ததற்கு ஆறு மாதம் பேங்க்குக்கு வாடகை கொடுக்கிற கதை.

அப்போ எதை எடுக்கலாம்?

பெரிய பண்ணை வீடு எடுங்க, இந்த மூன்றும் சேர்ந்து அமைந்தால்: ஐந்தில் நான்கு பங்கு படுக்கையாவது நிரம்பும், குறைந்தது மூன்று பர்ஸ் பகிரும், வருபவர்கள் வெளியே சுற்றாமல் வீட்டிலேயே கூடி உட்காரத்தான் வருகிறார்கள். கல்யாண நாள், பிறந்தநாள், வெளிநாட்டில் இருந்து வந்த அக்காவோடு ஒரு சந்திப்பு, இதற்கெல்லாம் பெரிய கூடம் கொடுக்கும் சந்தோஷத்தை மூன்று அறை வீடு கொடுக்காது. அந்தப் பணம் வீண் இல்லை.

மூன்றில் ஒன்று குறைந்தாலும் சின்ன தோட்ட வீட்டுக்கே போங்க. சூடான களி உருண்டை, காலையில் பால் கறப்பதைப் பார்க்கும் பிள்ளைகள், "இந்த வருஷம் மழை எப்படிங்க?" என்று அந்த வீட்டு அய்யாவோடு திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும் உங்கள் அப்பா. நீங்கள் கொடுக்கும் வாடகை, மழையை நம்பி இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இன்னொரு வருமானம்.

இந்த வார வீட்டுப்பாடம்: ஒரு பேப்பரில் மூன்று எண் எழுதுங்க. எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பர்ஸ் திறக்கும், பயணத்துக்கு எத்தனை மாதம் இருக்கிறது. இரண்டு இடத்தின் மொத்தச் செலவையும் பர்ஸால் வகுத்து, வந்ததை மாதத்தால் வகுங்க. அந்தத் தொகையை உங்கள் சம்பளத்தில் இருந்து மாதாமாதம் நெருடல் இல்லாமல் எடுத்து வைக்க முடிகிறதா? முடிகிற வீடுதான் உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற வீடு.

போய்ட்டு வாங்க, நல்லா சாப்பிடுங்க, லைஃப் ஜாக்கெட் போடாம பரிசல் ஏறாதீங்க. அடுத்த பாடத்தில் சந்திப்போம்!